விமான இருக்கையும் நம் முழங்காலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் விமானப் பயணம் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எங்கெங்கோ தொடங்கி, கடைசியில் இருக்கையின் நெருக்கடியில் வந்து நின்றிருந்தன. பெங்களூருவில் விமானப் பராமரிப்புக் கூடமொன்றில் இருக்கைகளைக் கழற்றிப் பொருத்தும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் குடியிருப்பவன் என்ற முறையில் அவற்றுக்கு நான் பதில் எழுதுகிறேன்.

வாசகர், காவேரிப்பட்டணம்: மாம்பழக்கூழ் வியாபாரத்துக்காக இருபது ஆண்டுகளாக பெங்களூருவிலிருந்து டெல்லிக்கும் துபாய்க்கும் போய் வருகிறேன். முன்பெல்லாம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த நினைவு இருக்கிறது. இப்போது முழங்கால் முன் இருக்கையில் இடிக்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா, இருக்கைகள் உண்மையிலேயே நெருங்கிவிட்டனவா?

உங்கள் நினைவு சரிதான் ஐயா. வயதானால் முழங்கால் வலிக்கும், தொடை நீளாது. இருக்கைகள்தான் நெருங்கியிருக்கின்றன.

ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன்னுள்ள இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தைத் தொழிலில் 'பிட்ச்' என்று சொல்வோம். இது முழுவதும் கால் வைக்கக் கிடைக்கும் இடம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். முன் இருக்கையின் முதுகுத் தடிமனும் இந்தக் கணக்குக்குள்தான் அடங்குகிறது. அமெரிக்காவில் பயணியர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017-ஆம் ஆண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், முன்பு சராசரியாக 35 அங்குலமாக இருந்த பிட்ச் 31 அங்குலமாகவும், சில நிறுவனங்களில் 28 அங்குலமாகவும் குறைந்துவிட்டது என்றும், இருக்கையின் அகலம் 18.5 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது என்றும் மனுதாரர் காட்டிய கணக்கு பதிவாகியிருக்கிறது. நம் நாட்டில் குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்த அளவு 28 முதல் 30 அங்குலத்துக்குள்தான் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை என் கையால் செய்த வேலை என்பதால் விளக்கிச் சொல்ல முடியும். விமானத்தின் தரையில் முன்னிருந்து பின்வரை தண்டவாளம் போல உலோகப் பாதைகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை இருக்கும். இருக்கையின் கால்கள் அந்தத் துளைகளில்தான் பூட்டப்படுகின்றன. பூட்டைத் தளர்த்தி, ஒரு துளை முன்னே தள்ளி, மறுபடி பூட்டினால் ஓர் அங்குலம் போய்விட்டது. முப்பது வரிசைகள் உள்ள விமானத்தில் ஒவ்வொரு வரிசையிலும் இப்படி ஓர் அங்குலம் எடுத்தால், முப்பது அங்குலம் மிச்சமாகும். அதாவது முழுதாக ஒரு புதிய வரிசைக்கு இடம் கிடைத்துவிடும். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 இருக்கைகள் இருந்த இடத்தில் 186 வந்தது இத்தகைய கணக்கினாலும், பின்பகுதியில் கழிப்பறையையும் சமையல் மேடையையும் சுருக்கியதாலும்தான். ஒரு துளைதானே என்று எவருக்கும் தோன்றும். வரிசையில் உட்காருபவருக்கு அந்த ஒரு துளைதான் முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் இருந்த காற்றோட்டம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய இருக்கைகளின் முதுகு முன்னைப்போலத் தடிமனானது இல்லை. பஞ்சு குறைந்திருக்கிறது, புத்தகம் வைக்கும் பை முழங்கால் உயரத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே போயிருக்கிறது. அதனால் அதே பிட்சில் பழைய தடித்த இருக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலான இடம் முழங்காலுக்குக் கிடைப்பது உண்மை. ஆனால் குறைந்துபோன அந்தப் பஞ்சை இரண்டு மணி நேரம் கழித்து இடுப்பு கேட்கத் தொடங்கும்.

அகலத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஏறும் விமானத்தின் வகை முக்கியம். வரிசைக்கு மூன்றும் மூன்றுமாக ஆறு பேர் அமரும் விமானங்களில், போயிங் 737-ஐவிட ஏ320-இன் உட்புறம் ஏறத்தாழ 6 அங்குலம் அகலமானது. ஆளுக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் பெரிய விமானங்களில் போயிங் 777 தொடக்கத்தில் பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது இருக்கைகளோடு பறந்தது; அதே கூட்டுக்குள் இப்போது பல நிறுவனங்கள் பத்து வைத்திருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது விமான வகை சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கட்டணம் ஒன்றாக இருக்கும் இரண்டு விமானங்களில் எதில் ஏறுவது என்பதை அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாசகர், ஓசூர்: தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் விமானத்தில் ஏறுவதே கட்டணம் குறைந்ததால்தான். மலிவாகவும் இருக்க வேண்டும், விசாலமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது முறையா?

முறையான கேள்வி, நீண்ட பதிலுக்கு உரியது.

2003-இல் பெங்களூருவைத் தளமாகக் கொண்டு கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலையில் விமானச் சீட்டை விற்க முடியும் என்று இந்தியாவில் காட்டியது. அதற்கு முன்பு நம் இரண்டு மாவட்டங்களில் விமானத்தில் ஏறியவர்களை ஊருக்கு ஊர் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். இன்று கட்டட மேஸ்திரியும் செவிலியரும் கல்லூரி மாணவரும் போய் வருகிறார்கள். இந்த மாற்றத்தை நான் எந்த நாளும் குறைத்துப் பேச மாட்டேன். கட்டணம் பழையபடி உயர்ந்து, கால் நீட்ட இடமுள்ள விமானத்தில் நம் ஊர்க்காரர் யாருமே இல்லாமல் போவது எனக்கு வேண்டாம்.

ஆனால் நெருக்கடியில்தான் மலிவு இருக்கிறது என்று சொல்லும்போது, எவ்வளவு நெருக்கடிக்கு எவ்வளவு மலிவு என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன அதே கணக்கை எடுத்துக்கொள்வோம். 186 பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்துப் பறக்கும் ஒரு விமானத்தில், ஒரு வரிசையை எடுத்துவிட்டு 180 பேரிடமே அதே மொத்தத் தொகையை வாங்குவதாக வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கூடும் தொகை 167 ரூபாய். எல்லா வரிசைகளிலும் ஓர் அங்குலம் திரும்பி வருவதற்கான விலை அவ்வளவுதான். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும்: ஒரு நாளைக்கு ஆறு முறை பறக்கும் ஒரு விமானத்தில் ஆறு இருக்கைகள் கூடினால், ஆண்டுக்கு 350 நாள் என்று வைத்தாலும் 12,600 இருக்கைகள் கூடுதலாக விற்பனைக்கு வருகின்றன. நூறு விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். தனி நபருக்குச் சிறிய தொகையாகவும் நிறுவனத்துக்குப் பெரிய தொகையாகவும் இருப்பதால்தான் இந்த அங்குலத்தை எவரும் தானாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

போட்டி இருக்கிறதே, வசதியாக உட்கார வைப்பவரிடம் மக்கள் போகலாமே என்று கேட்பார்கள். டிக்கெட் வாங்கும் திரையில் நேரமும் விலையும் பெரிதாகத் தெரிகின்றன; அங்குலம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் போட்டி நடக்காது. அமெரிக்காவில் 1978 வரை கட்டணத்தை அரசாங்க வாரியமே நிர்ணயித்ததால், நிறுவனங்கள் இடவசதியிலும் சாப்பாட்டிலும் போட்டியிட்டன. அந்த ஆண்டு கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் வந்த பிறகு போட்டி முழுக்கக் கட்டணத்துக்கு மாறியது. மக்களுக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. இடம் சுருங்கியது அதே மாற்றத்தின் இன்னொரு விளைவு. முன்பு எல்லாருக்கும் கிடைத்த 34 அங்குலத்தை இன்று 'கூடுதல் கால்வசதி' என்று பெயரிட்டுத் தனி விலைக்கு விற்கிறார்கள்.

நான் கேட்பது ஒரே ஓர் எண். இதற்குக் கீழே போகக் கூடாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஓர் அளவு விதியில் எழுதப்பட்டால், எவரும் எவரிடமும் போட்டியில் தோற்க மாட்டார்கள். இது நடக்க முடியாத ஆசையன்று. நம் ஊர்ப் பேருந்துகளுக்கு அது இருக்கிறது. பேருந்து உடல் கட்டுமானத்துக்கான ஏ.ஐ.எஸ். 052 என்ற இந்தியத் தரவிதி, ஒரு பயணிக்கு இருக்கை எவ்வளவு அகலம், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பயணியர் உரிமைக்காக வகுத்திருக்கும் விதிகளில், விமானம் ரத்தானால் எவ்வளவு, ஏற்ற மறுத்தால் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு வரை இருக்கிறது. முழங்காலுக்கு எத்தனை அங்குலம் என்பது அங்கே இல்லை. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பயணிக்கு எழுதப்பட்ட அளவு, பெங்களூருவிலிருந்து டெல்லி போகும் பயணிக்கு எழுதப்படாமல் இருப்பதை நான் ஏற்கவில்லை.

பயணிகள் வாய் திறந்தால் மாறும் என்பதற்கு ரயிலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சில ஆண்டுகள் ரயில் பெட்டிகளில் பக்கவாட்டுப் படுக்கைகளின் நடுவே மூன்றாவதாக ஒரு படுக்கையைச் செருகிப் பார்த்தார்கள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை என்று எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, சாதாரண விரைவு ரயில்களில் அது கைவிடப்பட்டது.

கல்லூரி மாணவி, ஊத்தங்கரை: இருக்கை நெருக்கம் வெறும் அசௌகரியம்தானா? ஆபத்து நேரத்தில் வெளியேறுவதற்கு அது தடையாகாதா?

நீங்கள் கேட்டிருப்பதைத்தான் அந்த 2017 வழக்கிலும் கேட்டார்கள்.

பெரிய பயணிகள் விமானம் ஒன்றுக்கு அனுமதி பெற வேண்டுமானால், அதில் ஏறக்கூடிய அதிகபட்ச ஆட்களும் 90 நொடிகளுக்குள் தரையிறங்க முடியும் என்று காட்ட வேண்டும். அதுவும் பாதிக் கதவுகள் அடைபட்ட நிலையில், அவசர விளக்குகளின் மங்கிய ஒளியில். 2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏ380 விமானத்துக்கு நடந்த சோதனையில் 853 பயணிகளும் 20 பணியாளர்களும் 78 நொடிகளில் வெளியேறினார்கள். கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் சோதனைக்கு வருபவர்கள் தாமாக முன்வந்தவர்கள், நடக்கக் கூடியவர்கள், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள். நம் விமானங்களில் மூட்டு தேய்ந்த பாட்டியும், கைக்குழந்தையோடு முதன்முறை பறக்கும் தாயும் இருக்கிறார்கள்.

2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச இருக்கை அளவுகளை வகுக்குமாறு அந்நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்குச் சட்டம் மூலம் உத்தரவிட்டது. அந்தத் துறை ஓக்லஹோமாவில் தன்னார்வலர்களை வைத்துச் சோதனைகள் நடத்தி, 28 அங்குலப் பிட்ச் வெளியேறும் வேகத்தைத் தடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் 18 முதல் 60 வயது வரையுள்ள, உடல் திடமுள்ளவர்கள். குழந்தைகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அதில் இல்லை என்பதை அந்தத் துறையே ஒப்புக்கொண்டது. 2022-இல் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது 26,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. என்னைப் பொறுத்தவரை, அறுபதைத் தாண்டிய ஒருவர்கூட இல்லாத சோதனை இந்தக் கேள்விக்கு விடை தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

விபத்துகள் சொல்லும் பாடம் வேறு. 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் என்ஜினில் தீப்பிடித்தது. விமானம் ஓடுபாதையைவிட்டு மேலெழும்பவே இல்லை. ஆயினும் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. முன்பகுதியில் வழி குறுகலாக இருந்ததும், இறக்கை மேலுள்ள அவசரக் கதவை அடைவதில் இருந்த சிரமமும் விசாரணையில் விரிவாக ஆராயப்பட்டன. இறக்கைக் கதவுக்கு அருகே இடைவெளி கூடியதற்கும், தீயைத் தாங்கும் இருக்கை உறைகள் பரவியதற்கும் அந்த 55 பேரின் மரணம் காரணமாக இருந்தது. நாம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் அவசர வழி வரிசையின் இடம் இப்படி வந்தது என்பதை அங்கே உட்காரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா நிலையத்தில் தரையிறங்கிய ஏ350 விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெட்டிகளை எடுக்காமல், பணியாளர் சொன்ன வழியில் வந்தார்கள். நெருக்கமான வரிசையில் ஒருவர் மேலே கையை நீட்டிப் பையை இழுக்கத் தொடங்கினால், அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஒதுங்கிப் போக வழியே இல்லை.

வாசகி, பாலக்கோடு: இருக்கையைச் சாய்த்ததற்குப் பின்னால் இருந்தவர் கோபித்துக்கொண்டார். சாய்ப்பது தவறா?

சாய்க்கும் பொத்தான் இருந்தால் சாய்க்க உங்களுக்கு உரிமை உண்டு. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மெதுவாகச் சாயுங்கள். பின்னால் இருப்பவர் சாப்பிடும் நேரத்தில் நிமிர்த்திக்கொள்ளுங்கள். இருவருக்கும் போதாத இடத்தை நடுவில் வைத்துவிட்டு உங்களை மோதவிட்டிருக்கிறார்கள் என்பதை இருவருமே நினைத்துக்கொண்டால் சண்டை வராது. சில நிறுவனங்கள் சாயவே சாயாத இருக்கைகளை வைத்திருப்பதும், அவசர வழிக்கு நேர் முன்னாலுள்ள வரிசை, வழியை மறிக்கக் கூடாது என்பதற்காகச் சாயாமல் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அங்கே பொத்தானைத் தேட வேண்டாம்.

வாசகர், பென்னாகரம்: என் அம்மாவுக்கு 68 வயது, கால் நரம்புச் சுருட்டு இருக்கிறது. பெங்களூருவிலிருந்து சிங்கப்பூரில் உள்ள தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அசையாமல் உட்கார்ந்தால் இரத்தம் கட்டும் என்கிறார்களே?

நான் மருத்துவன் அல்லன் என்பதால், புறப்படுவதற்கு முன் அம்மாவை அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்பதை முதலில் சொல்கிறேன். முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் முக்கியம். இரத்தம் கட்டாமல் இருக்கட்டும் என்று நீங்களாகவே ஆஸ்பிரின் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நலமாக இருப்பவர்களில் அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆகவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. அந்த ஆய்வு விமானத்தை மட்டும் குறிக்கவில்லை, காரும் பேருந்தும் ரயிலும் அதில் அடங்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பொருந்தும். பென்னாகரத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு நகர நெரிசலைக் கடந்து, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேர்வதற்குள் அம்மா நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டிருப்பார். பெங்களூருக்காரருக்கு விமானத்தில் தொடங்கும் அமர்வு, உங்களுக்கு வீட்டு வாசலில் தொடங்கிவிடுகிறது. வழியில் இரண்டு இடத்திலாவது காரை நிறுத்தி அவரை நடக்க வையுங்கள்.

விமானத்தில் நடைவழியை ஒட்டிய இருக்கையாக எடுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேலேறுகிறது. அதனால் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி விரல்களையும், விரலை ஊன்றி குதிகாலையும் மாறி மாறித் தூக்கச் சொல்லுங்கள். காலுக்கு அடியில் பையை வைத்து இருக்கும் இடத்தையும் அடைத்துவிடாதீர்கள். விமானத்தினுள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். காற்றழுத்தம் 8,000 அடி உயர மலை வரை ஒத்திருக்கலாம், அதாவது ஊட்டியைவிடச் சற்று மேலே. தண்ணீர் குடிக்க வேண்டும், கழிப்பறை போக வேண்டுமே என்று தாகத்தை அடக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் பயணத்தில் இதைத்தான் முதலில் செய்வார்கள். ஊர் போய்ச் சேர்ந்து சில நாள்களோ வாரங்களோ கழித்து ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாசகர், நல்லம்பள்ளி: சேலம் விமான நிலையத்திலிருந்து போகும் சிறிய விமானத்தில் இடம் எப்படி? பெங்களூருவுக்கே போய்விடலாமா?

தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தொப்பூர் இறங்கினால் சேலம் விமான நிலையம் இருக்கும், ஓமலூரை அடுத்த காமலாபுரம் 50 கிலோமீட்டர் அளவில்தான். சேலத்துக்கு வந்து போவது ஏ.டி.ஆர். 72 வகை. இதில் இரண்டும் இரண்டுமாகத்தான் இருக்கைகள். நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. இருக்கையின் அகலம் பெரிய விமானத்தைவிடக் கூடுதல் இல்லை, தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது, வெளியே இறக்கைகளில் சுழலும் விசிறிகளின் ஓசை உண்டு. விசிறிகள் முன்பகுதியில் இருப்பதால் பின்வரிசைகளில் ஓசை குறையும். ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான். போகும் ஊருக்குச் சேலத்திலிருந்து நேரடி விமானம் இருந்தால், காரில் மிச்சமாகும் மூன்று மணி நேரம் எந்தக் கால்வசதி இருக்கையைவிடவும் மேலானது என்று நான் கருதுகிறேன்.

வாசகி, காரிமங்கலம்: ஜன்னல் சீட்டுக்குத் தனிப்பணம், நடைவழி சீட்டுக்குத் தனிப்பணம். பணம் கட்டாததால் என்னையும் ஏழு வயது மகனையும் வேறு வேறு வரிசையில் போட்டுவிட்டார்கள். இது சரியா?

சரியன்று அம்மா. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணம் செய்யும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவருக்குப் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 'ஒரே பி.என்.ஆர்.' என்பதைக் கவனியுங்கள். பிரவுசிங் சென்டரில் இன்று ஒருவருக்கு, நாளை ஒருவருக்கு என்று தனித்தனியாக எடுத்தால், நீங்கள் தாயும் மகனும் என்பது அவர்களுடைய கணினிக்குத் தெரியாது. ஒரே சீட்டாக எடுங்கள். வெப் செக்-இன் திறந்தவுடனே செய்துவிடுங்கள். அப்படியும் பிரித்துப் போட்டால் விமான நிலைய கவுன்ட்டரில் இந்த அறிவுறுத்தலைச் சொல்லிக் கேளுங்கள். இருக்கைத் தேர்வு, உணவு போன்ற தனிக் கட்டணங்கள் பயணி விரும்பிச் சேர்ப்பவையாக இருக்க வேண்டும் என்பதே விதி. திரையில் ஏற்கெனவே தேர்வாகியிருப்பது போலக் காட்டினால் அதை நீக்கிவிட்டு மேலே செல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், பர்கூர்: என் உடல் பெரியது. பெல்ட் எட்டவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதால் விமானத்தில் போவதையே நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கைப்பிடியிலிருந்து கைப்பிடி வரை 17 அங்குலம் என்று ஒருவர் முடிவு செய்தார். அந்த முடிவு தவறாகிப்போனால் கூச வேண்டியவர் நீங்கள் இல்லை. தோள் அகலமான, நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களும் இதே அகலத்தில் ஒடுங்கித்தான் உட்காருகிறார்கள்.

பெல்ட்டை நீளமாக்கும் இணைப்புப் பட்டை விமானத்திலேயே இருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. ஏறும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டால், இருக்கைக்கே கொண்டுவந்து தருவார். அவசர வழி வரிசையில் மட்டும் அந்தப் பட்டையோடு உட்கார அனுமதிக்க மாட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் சுவர் உள்வளைவதால் தோளுக்கு இடம் குறையும். நடைவழி ஓரம் உங்களுக்கு ஏற்றது. கனடாவில் 2008-இல் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம், உடற்பருமனால் இயங்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கு, உள்நாட்டுப் பயணத்தில் இரண்டு இருக்கை தேவைப்பட்டாலும் ஒரே கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. நம் நாட்டிலும் அத்தகைய ஆணை வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நீங்கள் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

வாசகர், கிருஷ்ணகிரி: என் இருக்கையின் முதுகு உடைந்து பின்னுக்கே சாய்ந்து கிடந்தது. வேறு இடம் இல்லை என்று அதிலேயே உட்கார வைத்தார்கள். யாரிடம் முறையிடுவது?

புறப்படும்போதும் இறங்கும்போதும் முதுகு நிமிர்ந்து பூட்டிக்கொள்ளாத இருக்கையில் ஆளை உட்கார வைக்கக் கூடாது. எங்கள் கூடத்தில் அப்படிப்பட்ட இருக்கையைப் பழுது நீக்க நேரமில்லையென்றால், ஆள் உட்காரக் கூடாது என்று குறித்துத்தான் விமானத்தை அனுப்புவோம். எனவே உங்கள் குறை வசதியைப் பற்றியது மட்டுமன்று, பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், பழுதைக் குறிப்பேட்டில் எழுதுமாறு தலைமைப் பணியாளரிடம் அங்கேயே கேளுங்கள்.

முதலில் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் குறிப்பிட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கும், பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்து, மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதற்கும் அசையவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் மனுவை நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

சான்றில்லாத மனு நிற்காது. உடைந்த இருக்கையைப் படமெடுத்திருந்தால் அதையும், போர்டிங் பாஸையும், மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்துங்கள். இனிமேல் பயணம் செய்கிறவர்கள், விமான எண், இருக்கை எண், பணியாளர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேவனஹள்ளியிலிருந்து கார் ஓசூரைத் தாண்டுவதற்குள் அதை எழுதி முடித்துவிடலாம்.